அத்தையின் கண்ணாடி

அத்தை இருபத்தொரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஒரே தங்கை. கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருகிற ஆளைத் தெரியாது. ஒருமுறை தெருவில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து, "அண்ணா, பசிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்று இழுத்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா சிரிப்பார்.

அவளுடைய கண்ணாடியை அவர் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். சாவியை யாரிடமும் தரமாட்டார். போன வாரம் துடைக்கும்போது அதன் ஒரு காதுக்கம்பி கழன்று கையோடு வந்துவிட்டது. இருவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருகாணியை முடுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார்.

"யாரோடது சார்?"

"என் தங்கச்சியோடது. அவளுக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது."

"இது படிக்கிறதுக்குப் போடற கண்ணாடியாச்சே. வெள்ளெழுத்து. அவங்களுக்கு அறுபது வயசு இருக்குமா?"

"அது எப்படிங்க..." என்று நான் வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

"அம்பத்தொம்பது," என்றார். அத்தை இருந்திருந்தால் இந்த வருஷம் அந்த வயதுதான். அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

"நிறைய கீறல் விழுந்திருக்கு. லென்ஸ் மாத்திடவா?"

"வேணாம். அவளுக்கு இதுதான் பழக்கம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவைத் திறக்கவில்லை. ஜன்னலோர மேசையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்தார். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போடாமல், ஒருவர் வந்து உட்காரும் அளவுக்குத் தள்ளிப் போட்டார்.