வாக்குத்தத்த அட்டை

“லேப்டாப்ப எந்தக் கடையிலங்க்கா குடுத்தீங்க?”

“ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புகிட்ட கண்ணு. ஜெப்சன்னு ஒரு தம்பி ரிப்பேர் பண்றான்…”

போனின் அந்தப் பக்கம் ரூபி குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா… அது என்ற கொழுந்தனுங்க. என்னையத் தேடிக்கிட்டு வந்து, எங்க ஊட்டுக்காரரு ஒரு வாரமா அவன்கூடத்தான் தங்கியிருக்கறாருங்களாமா.”

பிரிஸ்கில்லா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடி தாங்காமல் வீட்டை விட்டு வரும் பெண்களுக்கு மலைமேல் இடம் பார்த்துக் கொடுப்பவள் அவள். அப்படி வந்த நாற்பத்தோரு பேரின் பெயர், இப்போது இருக்கும் இடம், ஆதரவுக்கு யார் என்ற விவரம், எல்லாமே அந்த லேப்டாப்பில் இருந்தன. ‘என்கிட்ட சொன்னது என்னையத் தாண்டிப் போகாது’ என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

பாஸ்வேர்டு? புது வருஷ ஆராதனையில் சர்ச்சில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த பைபிள் வசன எண். மறந்துவிடக் கூடாதென்று அந்த அட்டையை லேப்டாப் மேலேயே ஒட்டியும் வைத்திருந்தாள்.

ரூபி இருப்பது நாகலூரில். ஒண்டிக்கடையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான்.

“நீ கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

பனிமூட்டத்தில் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜெப்சன் தனியாக இல்லை. ஸ்டூலில் இன்னொருத்தன். அவன் மடியில் அவளுடைய லேப்டாப். அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“நம்ம சனம் பூராவும் இதத்தானுங்க பாஸ்வேர்டா வெக்குது?” என்று சிரித்தான். “ஏனுங்க மேடம், ஊட்ட உட்டு ஓடுனவளுக பேரெல்லாம் இதுலதான் இருக்குதாமா?”

பிரிஸ்கில்லா லேப்டாப்பை வாங்கக் கையை நீட்டினாள்.

“எத்தன தடவதாண்ணா சொல்றது?” ஜெப்சன் எரிந்து விழுந்தான். “பாஸ்வேர்டு கேக்கறதுக்கே அதுக்கு உசுரு இருக்கோணுமில்ல? ஈரம் எறங்கி உள்ள பூராவும் போச்சு.”

பட்டனை அமுக்கிக் காட்டினான். திரை இருட்டாகவே கிடந்தது.

“ஒண்ணுமே எடுக்க முடியாதா தம்பி? ஆறு வருஷத்து வேலைப்பா!”

“அப்ப ஆறு வருஷமும் பத்தரமா வெச்சிருக்கோணும். கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போடுங்க.”

அண்ணன் மடியிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கி அவளிடம் நீட்டினான். நாலாக மடித்த பில்லைக் கையில் திணித்தான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணனுக்கு ஏத்த தம்பி. எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டுதான் இதைச் சாகடித்திருப்பான். ரூபியை இன்றைக்கே வேறு ஊருக்கு அனுப்பியாக வேண்டும். மீதி நாற்பது பேரை எங்கே அனுப்புவது?

வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டுவிட்டு, பில்லைப் பிரித்தாள். பின்பக்கம் கிறுக்கலாக எழுதியிருந்தது.

‘அக்கா, பேட்டரி வயரைக் கழட்டி விட்டிருக்கேன். சார்ஜர் போட்டா ஓடும். உங்க பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிசம்கூட ஆகல. அண்ணனுக்கும் ஆகாது. அதனால லிஸ்டுக்குத் தனியாப் பூட்டு போட்டிருக்கேன். அண்ணி எனக்கு வெச்ச பட்டப்பேருதான் பாஸ்வேர்டு. அண்ணனுக்கு அது தெரியாது. அந்த அட்டையை மொதல்ல கிழிச்சுப் போடுங்க.’

சார்ஜரைச் செருகி லேப்டாப்பை ஓடவிட்டு, ரூபிக்குப் போன் போட்டாள்.

“ரூபி, ஜெப்சன என்னன்னு கூப்புடுவ?”

“சுண்டக்கான்னுங்க. நொம்ப ஒல்லியா இருப்பான்…” அந்தப் பயத்திலும் அவள் குரலில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “ஏனுங்க்கா?”

பிரிஸ்கில்லா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். லிஸ்ட் திறந்தது. நாற்பத்தோரு பேரும் அப்படியே இருந்தார்கள்.

ஒரே ஓர் இடம்தான் மாறியிருந்தது. ரூபியின் வரிசையில் ‘ஆதரவுக்கு யார்?’ என்ற கட்டம். நாலு மாதத்துக்கு முன்னால், அவள் அழுதுகொண்டே சொல்ல, ‘யாருமில்லை’ என்று பிரிஸ்கில்லாவே அடித்திருந்தாள்.

இப்போது அங்கே ஒரு போன் நம்பர் இருந்தது. பக்கத்தில், ‘கொழுந்தன் ஜெப்சன்’.