சிவப்பரிசி

பானையிலிருந்து முறத்தில் கொட்டிய அரிசியில் ஆங்காங்கே சிவப்பு மணிகள் கிடந்தன. ஜானகிக்குத் திருட்டு பிடிபட்டுவிட்டது.

“லாசர், இந்தப் பானை யாரோடது?”

கஞ்சி அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த லாசர் துடுப்பும் கையுமாக எட்டிப் பார்த்தான். “ஹாஜிரா பீ வூட்டுதும்மா. அத்தர் கடை வெச்சிருந்தாரே நூர் முஹம்மது, போன வருசம் தவறிப்பூட்டாரே, அவுரு சம்சாரம். அவுங்களேதான் தூக்கிக்கினு வந்தாங்க. தோ, வாசலாண்ட குந்திக்கினு கீறாங்க.”

“உள்ளே வரச் சொல்லு.”

சாந்தோம் குப்பத்துக் கட்டுமரங்களைப் புயல் வாரிக்கொண்டு போய் ஒன்றரை மாதமாகிறது. அன்றிலிருந்து குப்பத்து ஜனங்களுக்கு இந்தக் கொட்டகையில் ஒரு வேளைக் கஞ்சி. அக்கம்பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கொரு பானை கொடுத்திருந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைத்து, சனிக்கிழமை கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வந்ததில் எது உதவும், எது உதவாது என்று பிரிப்பது ஜானகியின் வேலை. பச்சரிசி ஒரு கோணி, புழுங்கல் ஒரு கோணி. இரண்டையும் கலந்து வேகவைத்தால் ஒன்று குழையும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். பூசணம் பூத்த ஊறுகாய், நாலு வருஷத்துப் பிஸ்கட் தகரம், யாரோ புண்ணியவதி அனுப்பிய பன்னீர்ச் செம்பு எல்லாம் மூலையில் கிடந்தன. பசித்தவன் மேல் பன்னீர் தெளித்து என்ன ஆகப்போகிறது? வேண்டியது அரிசி, அதுதான் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. இன்று வந்திருப்பது செவ்வாய் வரை தாங்கினால் அதிகம்.

தானதர்மத்தில் ஜானகியைக் குறை சொல்ல ஆளில்லை என்பதில் ஜானகிக்குச் சந்தேகமே கிடையாது. மதுராந்தகத்து நிலத்தில் விளையும் சிவப்பரிசிதான் அவள் வீட்டில் பொங்குவது. வெள்ளிக்கிழமை வாசலுக்கு வருகிறவர்களுக்கும் அதே அரிசிதான், கை நிறைய. முகம் பார்த்துப் போட்டால் அது தர்மமாகாது என்று, நீட்டிய கையை மட்டும் பார்த்துப் போடுவாள். கொட்டகைக்கும் வாரம் தவறாமல் ஒரு மரக்கால் வந்துவிடும். அந்த அரிசியில் கைவைத்தால் அவளுக்குப் பொறுக்குமா?

ஹாஜிரா பீ உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து நிறம் போன புர்கா, முகத்திரையைத் தலைக்கு மேல் தள்ளி விட்டிருந்தாள்.

“இது உங்காத்து அரிசியா?”

“ஆமாம்மா.”

“ஒரு ஆத்துல ஒரு அரிசிதான் பொங்குவா. இதுல பச்சரிசி இருக்கு, புழுங்கல் இருக்கு, நொய் இருக்கு. போறாததுக்குச் சிவப்பரிசியும் இருக்கு. இந்தக் கொட்டகைக்குச் சிவப்பரிசி அனுப்பறது நான் ஒருத்திதான்.”

ஹாஜிரா பீ முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போன வாரம் கோணிகிட்டே ரொம்ப நாழி நின்னுண்டிருந்தேளே, நான் பாக்கலைன்னு நெனச்சேளா? இங்கே சிந்தினதை அள்ளிண்டு போய், அதையே தானம்னு கொண்டுவந்து வெச்சிருக்கேள்.”

“அல்லா மேல ஆணையா, இங்க ஒரு மணி தொடலம்மா.”

லாசருக்குச் சங்கடமாகிவிட்டது. “போனாப் போவுது, வுடுங்கம்மா. எப்டியோ அரிசி இங்கதான வந்துகீது? வெளிய முந்நூறு பேரு நிக்கிறாங்க.”

“இன்னிக்குச் சிந்தினது, நாளைக்குக் கோணியே போகும். அப்பறம் அந்த முந்நூறு பேருக்கு நீயா பதில் சொல்லுவே?” ஜானகி பானைக்காரர்களின் ஜாபிதாவை எடுத்தாள். “உங்க பேரை அடிச்சுடறேன். ஏன் அடிச்சேன்னு உங்க தெருவிலயும் சொல்லிடறேன்.”

ஹாஜிரா பீ ஓரடி முன்னால் வந்தாள்.

“பேரை அடிக்காதீங்கம்மா. எம்பொண்ணு வஜீஹாவுக்கு வர்ற மாசம் நிக்கா. மாப்பிள்ள வூடும் அதே தெருதான். எங்க வூட்டுப் பானை வரலைன்னு தெரிஞ்சா அன்னிக்கே நின்னுபூடும். அவளாச்சும் ஒரு நல்ல எடத்துல போய்ச் சேரட்டும்மா.”

“அப்போ எங்கேர்ந்து எடுத்தேள்னு சொல்லுங்கோ. நிஜத்தைச் சொன்னா பேரும் இருக்கும், தெருவுக்கும் போகாது.” தன் பெருந்தன்மை ஜானகிக்கே பிடித்திருந்தது.

ஹாஜிரா பீ லாசரைப் பார்த்தாள். அவள் தெருவில் பத்து வருஷமாக மீன் விற்றவன் அவன். அவன் அண்டாப் பக்கம் திரும்பிப் போகும்வரை காத்திருந்தாள். வெளியே வரிசையில் அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்று தானாகவே அழுது ஓய்ந்தது.

பிறகு முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஜானகியின் முன்னால் நீட்டினாள். அந்தக் கைகளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஜானகி யோசித்தாள்.

“மத்ததெல்லாம் பல வாசல்ல வாங்கினதும்மா. செவப்பு மட்டும் நேத்து நீங்க போட்டது.”