நழுவிய கண்ணி

ஜப்பான்காரனுக்குப் பயந்து ரப்பர் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை குடும்பம் ஓடிப்போன பிறகு, பங்களா சமையல்காரர் சன்னாசியிடம் ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்து அந்தப் பின்னல் மெஷினை வாங்கி வந்தாள் முத்தாயி. கைப்பிடியைச் சுற்றினால் காலுறை பின்னும் பழைய மெஷின். அதைப் பழகும் நேரத்தில் மட்டும், சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன புருஷனை நினைத்து அவள் அழுவதில்லை.

நூலுக்கு, துரையின் கம்பளிச் சட்டை ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாள். அது ஒரு ஜோடிக்குத்தான் காணும். அதனால் பின்னுவதும் பிரிப்பதுமாகப் பொழுது இனிமையாகவே போயிற்று. இடது குதிகாலைத் திருப்பும்போது மட்டும், எப்போதும் ஒரு நூல் கண்ணி நழுவி ஓட்டை விழுந்தது.

பின்னியதைக் கதவு ஆணியில் மாட்டி வைப்பாள். விடிந்து பார்த்தால் அடியில் சேறு ஒட்டியிருக்கும். முதலில் கறுப்புச் சேறு. எஸ்டேட்டில் அப்படி மண்ணே கிடையாது. அலசிக் காயவைத்துப் பிரித்து மறுபடியும் பின்னினாள். மாதங்கள் போகப் போகச் சேறு எஸ்டேட் மண்ணைப்போலச் சிவந்துகொண்டே வந்தது.

"பயமா இல்லையாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளிநாயகி.

"என்னா பயம்? அட்டை கடிக்காம அவரு நடந்து வரட்டும்லா."

ஒருநாள் காலையில் ஆணி வெறுமையாக இருந்தது. முத்தாயி சமையலறைத் தரையைச் சாணத்தால் மெழுகிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வாசலிலிருந்து அடுப்புவரை காலடிகள். கம்பளிக் கண்ணிகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. இடது குதிகால் தோறும் அந்த ஓட்டை. திரும்பிப் போன தடம் இல்லை.

அவள் அடுப்பை மூட்டி, இரண்டு பேருக்குக் கிழங்கு வேகப்போட்டாள்.