பாறை இருக்கும் இடம்

“ஏளா ஜெனோவா, நான் கடல்ல எடுத்த மீன் படத்தை ஊர் குரூப்ல போட்டியா? கீழ இடத்தோட ஜி.பி.எஸ். நம்பரும் சேர்ந்துல்லா வந்திருக்கு!” ரெக்சன் மனைவியிடம் கத்தினான்.

“இருக்கட்டும்.”

“எட்டு வருசமா எவனுக்கும் சொல்லாத, மீன் அடையுற கடலடிப் பாறைளா அது! விடிஞ்சா புன்னைக்காயல் வள்ளம் பூரா அங்கனதான் நிக்கும்.”

“நிக்கட்டும். நீங்க பேசாம போய் வலையைப் போடுங்க.”

மறுநாள் ரெக்சன் பெட்டி நிறைய மீனோடு வந்தான். பாறையில் வேறு வள்ளமே இல்லை. பதினோரு வள்ளங்கள் எங்கேயோ போய் வெறும் பெட்டியோடு திரும்பியிருந்தன.

“என்னளா செஞ்ச?”

“பாறையைக் கண்டுபிடிக்கத் தினமும் உங்க பின்னாலயே வந்தானுவ. அதான் படத்துக்குக் கீழ ஒரு நம்பரை மாத்திப் போட்டேன்.”

“சண்டைக்கு வருவானுவளே!”

“எப்படி வருவானுவ? அடுத்தவன் பாறையைத் தேடிப் போனோம்னு முதல்ல சொல்லணும்லா?”