ஐந்து நாக்குகள்

"நாக்கா அது? செருப்புத் தோல்" என்றான் எல்வியோ, கையிலிருந்த சீட்டுகளை மேசையில் கவிழ்த்துப் போட்டபடி. "அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கும் அதே செருப்புத் தோல்."

எதிரே உட்கார்ந்திருந்த பிரீமோ தன் சீட்டுகளைக் கீழே வைக்கவில்லை. அவனுக்கு நல்ல கை விழுந்திருந்தது.

"ஆட்டத்தை முடிச்சிட்டுத் திட்டேன்" என்றான்.

"ஆட்டமாம் ஆட்டம்."

காலையில்தான் ஃபோன் வந்திருந்தது. எல்வியோவின் ஒயினை ஐந்து பேர் கொண்ட சுவைக்குழு தள்ளிவிட்டது. லாக்ரிமா என்ற அந்த ஊர்ச் சிவப்பு ஒயின் என்றால், கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போதே ரோஜா வாசம் வரவேண்டும். இதில் அது இல்லையாம். இனி அவன் புட்டிகளில் லாக்ரிமா என்றோ, மொர்ரோ தால்பா என்று ஊர்ப்பெயரோ போட முடியாது. வெறும் சிவப்பு ஒயின், அவ்வளவுதான்.

அப்பா காலத்திலிருந்து திராட்சையைப் பறித்துக் கூட்டுறவுக்குப் போட்டுவந்த குடும்பம். இந்த வருடம்தான் அவன் தானே பிழிந்து, தானே புளிக்கவைத்து, சொந்தப் பெயரில் விற்கத் துணிந்தான். அச்சடித்த லேபிள்கள் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன.

"அந்த அஞ்சு பேருக்கும் அது யாரு ஒயின்னே தெரியாதே அண்ணே" என்றாள் கடைக்காரி லொரெதானா, காபிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே. "புட்டியில நம்பர் மட்டும்தானே இருக்கும்?"

"அதுதான் எனக்கு ஆத்திரமே. பேரைப் பாத்துத் தள்ளியிருந்தா ஏதோ பகைன்னு விட்டுடுவேன். இவனுங்க குடிச்சுப் பாத்துத் தள்ளியிருக்கானுங்க."

"சளி பிடிச்சிருக்குமோ என்னமோ. ஜனவரி மாசம்" என்றாள் லொரெதானா.

"அஞ்சு பேருக்குமா?" எல்வியோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "அந்த ஒயின்ல என்ன குறை, சொல்லு. இந்த மலைச்சரிவு முழுக்கத் தேடினாலும் அதுக்கு மேல ஒண்ணு கிடைக்குமா?"

பிரீமோ சிரித்தான். "அறுவடை முடிஞ்சதுலேருந்து 'என்னமோ சரியில்லடா, என்னமோ சரியில்லடா'ன்னு உயிரை எடுத்தது யாரு? இன்னைக்கு என்ன, உன் ஒயின் வானத்துலேருந்து இறங்கிடுச்சா?"

எல்வியோவின் காதுமடல்கள் சிவந்தன. "நான் ருசி பாத்தவன்டா. எனக்குத் தெரியும். அதுவே தேறலேன்னா, வேற எது தேறும்?"

"அப்ப மறு சோதனை கேளு. உனக்கு உரிமை இருக்கு. அதிகாரி வந்து உன் தொட்டியிலேருந்து புதுசா மாதிரி எடுப்பாரு."

"கேக்க மாட்டேன்."

"ஏன், கௌரவம் குறைஞ்சிடுமா?"

"கேட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. வித்தாச்சு."

"எதை?"

"ஒயினைத்தான். வினிகர்காரன்கிட்ட. மத்தியானம் லாரி வந்து உறிஞ்சிட்டுப் போயிடுச்சு."

லொரெதானாவின் கை கோப்பைக்குள்ளேயே நின்றது. பிரீமோ தன் சீட்டுகளை முகம் மேலே தெரியும்படி மேசையில் வைத்துவிட்டான்.

"கிறுக்குப் பயலே" என்றான் மெதுவாக. "மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும். தொட்டியைக் கழுவி விட்டாச்சு."

"ஒரு வருஷ உழைப்புடா."

"என்னை ஏன் கேக்கறே? அந்த அஞ்சு பேரைப் போய்க் கேளு."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பல்மீனா உள்ளே வந்தாள். கவாத்து முடித்து நேராகத் தோட்டத்திலிருந்து வருகிறாள். பூட்ஸில் சேறு அப்பியிருந்தது. அவளும் எல்வியோவும் ஒரே கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் தொட்டியும் அவன் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு, ஒரே எஃகு; மாட்டியிருந்த பெயர்ப்பலகைதான் வேறு. இருபது வருடமாக ஊரில் லாக்ரிமா என்றால் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள்.

"எல்லாருக்கும் ஒரு கோப்பை ஊத்து லொரெதானா, என் கணக்குல" என்றாள். "இப்பதான் ஃபோன் பண்ணினாங்க. என்னுது தேறிடுச்சு. அஞ்சு பேரும் ஒரே குரல்ல பாராட்டினாங்களாம். ரோஜாத் தோட்டத்துக்குள்ள போன மாதிரி இருந்துச்சாம்."

"உனக்கு எப்பவும் அப்படித்தானே" என்றான் பிரீமோ.

"இல்லப்பா, இந்தத் தடவை எனக்கே நம்ப முடியல. இந்த வருஷம் என் தொட்டியில வாசமே ஏறலேன்னு பயந்துட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல." அவள் எல்வியோவைப் பார்த்தாள். "உன்னுது?"

பிரீமோதான் சொன்னான்.

அவள் முகம் கடுத்தது. "தள்ளிட்டாங்களா? அநியாயம். நாளைக்கே மறு சோதனை கேப்போம், நானும் உன்கூட வரேன். எப்படித் தள்ளினீங்கன்னு நானே கேக்கறேன்."

"மறு சோதனைக்கு ஒயின் இருந்தாத்தானே" என்றான் பிரீமோ. "ஐயா அதை வினிகருக்கு அனுப்பிட்டாரு."

"வினிகருக்கா? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கக்கூடாதா எல்வியோ? பக்கத்துத் தொட்டிக்காரிதானே நான். உன் ஒயின் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

எல்வியோ மேசையில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினான்.

மாதிரி எடுக்க வந்த அதிகாரி காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போன இடைவெளியில், தன் ஒயின் தேறவே தேறாது என்று பயந்து, தன் பெயர்ப்பலகையைப் பல்மீனாவின் தொட்டியிலும் அவளுடையதைத் தன் தொட்டியிலும் மாற்றி மாட்டியவன் அவன்தான். மாதிரி எடுத்து அதிகாரி போனதும் பழையபடி திருப்பி மாட்டிவிட்டான். ஐந்து நாக்குகளும் ஒரே குரலில் பாராட்டிய அவன் ஒயின், மத்தியானமே வினிகர் லாரியில் ஏறிப் போயிருந்தது.