கதவுக்குள் ஈரம்

"போன வருஷம்தான் சார் புது பிராக்கெட் போட்டேன்."

"புதுசா? கார் கதவுக் கண்ணாடியைத் தாங்குற பிராக்கெட் ஒரே மழைக்காலத்துல இப்படியா துருப்பிடிக்கும்?"

மெக்கானிக் சீனு பழசுக்கே பெயிண்ட் அடித்து ஏமாற்றிவிட்டான் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. பெங்களூர் ஆஸ்டின் டவுனே திரும்பிப் பார்க்கும் பழைய ஃபியட் கார் அவருடையது.

"யார் கண்ணு பட்டுச்சோ," என்றாள் மனைவி சாந்தகுமாரி.

"கண்ணுமில்ல, மண்ணுமில்ல. இன்னியோட இவன் ஷெட்டுக்கு ஒரு கும்பிடு."

சீனு கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினான். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கசிந்துகொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு சார்."

"துருப்பிடிக்கட்டும்னு நீயே போட்டியா?"

சாந்தகுமாரி கைப்பையிலிருந்து புது முடிச்சு ஒன்றை எடுத்தாள்.

"அவனை ஏன் திட்டுறீங்க? திருஷ்டிக்காக நான்தான் கண்ணாடி இடுக்குல போட்டேன். அது கரைஞ்சிடுச்சு. சீனு, பிராக்கெட் மாட்டும்போது இதையும் உள்ள வெச்சிடேன்ப்பா."