செலஸ்டினின் கழுத்து

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

துறைமுகத்தில் நூறு மாடி உயரக் கிரேன் ஓட்டிய செலஸ்டினுக்கு ஒருநாள் தலை சுற்றியது. தலை சுற்றுகிறவனுக்கு அங்கே வேலை கிடையாது. கம்பெனியின் எலும்பு வைத்திய நாற்காலி, கோளாறு கழுத்தில்தான் என்று அவரைப் பிடித்து உட்காரவைத்து, கழுத்தில் நாலு சொடக்கு எடுத்து, இடுப்புவரை எலும்பை நேராகப் பூட்டிவிட்டது. ஓய்வுபெறும் நாளில்தான் திறக்கும். வேலை தப்பியது. குனிவதும் திரும்புவதும் போயின.

மனைவி பிலோமி சாப்பாட்டுத் தட்டை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவாள். "தொர நல்லாப் பாத்துக்கிடுங்க, சாளக் கொழம்பு. பொறவு மீனே வைக்கலன்னு சொல்லப்பிடாது."

பூட்டிய பதினோராம் வருஷம் பிலோமி செத்துப்போனாள். பெட்டிக்குள் கிடந்தவளைக் குனிந்து பார்க்க முடியாமல், செலஸ்டின் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ மாப்ள, பெட்டியக் கொஞ்சம் நிமித்துங்கய்யா. கடசியா மொகத்தப் பாத்துக்கிடுதேன்."

மைத்துனர்கள் நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். பிலோமியின் கழுத்து யாரும் பூட்டாத கழுத்து. தலை மார்பில் தொங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தது நரைத்த வகிடு மட்டும்தான்.

"அத்தான், நாடியப் பிடிச்சு மொகத்தத் தூக்கட்டுமா?"

"வேண்டாம்டே. அவளத் தொந்தரவு பண்ணாத, படுக்க வையி."

செலஸ்டினுக்குத் தலை சுற்றியது காதுக் கோளாறால்.